அப்பாவின் ஏழு ஒட்டகங்கள்

என் அன்பு மகனுக்கு,

இங்கே அப்பா, நான், உன் தங்கை வீட்டார் எல்லோரும் சுகம், என் தொண்டை ஒன்றைத் தவிர. அதுவும் தேறி வருகிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்மா என்ன திடீரென்று காகிதமும் பேனாவுமாக என்று பயந்துவிடாதே. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைத் தங்கை போனில் சொல்லியிருப்பாள். இருபத்திரண்டு வருஷம் பயணிகள் கப்பல்துறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு, எந்த வாசலில் ஏற வேண்டும் என்று கத்தினேனே, அதற்குத் தொண்டை எனக்குக் கொடுத்த பரிசு மிளகு அளவில் இரண்டு கட்டி. எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாதாம், கிசுகிசுக்கவும் கூடாதாம், அதுதான் ரொம்பக் கெடுதலாம். இரண்டு வாரம்! அதுவும் நான்! உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு டாக்டரம்மாவிடம், ரெண்டு வாரம் போதுமா, வேணும்னா ஒரு மாசமா எழுதிக் குடுங்களேன் என்றார். வாய் மட்டும் திறக்க முடிந்திருந்தால் அங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. தங்கை மகளுடைய சிலேட்டைக் கடன் வாங்கி வைத்துக்கொண்டு, உப்பு கம்மி, விளக்கை அணையுங்கள், ஈரக் காலோடு உள்ளே வராதீர்கள் என்று எழுதி எழுதிக் காட்டுகிறேன். எழுதி முடிப்பதற்குள் அவர் ஈரக் காலோடு உள்ளே வந்து திரும்பவும் வெளியே போய்விடுகிறார். பேச்சு வந்த பிறகு தாடைக்கு ஒரு பயிற்சி செய்ய வேண்டுமாம், ஒட்டகம் அசைபோடுமே அந்த மாதிரி வாயை மென்றுகொண்டே குரல் கொடுக்க வேண்டும் என்று செய்து காட்டினாள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். நல்லவேளை, என்னால் சத்தமாகச் சிரிக்க முடியவில்லை.

ஒட்டகம் என்றதும் நினைவு வருகிறது, நீ அனுப்பின சால்வை ஆபரேஷனுக்கு முந்தின வாரமே வந்துவிட்டது. கழுத்துக்கு இதமாக இருக்கிறது. நீ போனில் ஒட்டகம் என்று சொன்னதைக் கேட்டு, ஒட்டக முடியில் நெய்தது என்று நான் பக்கத்து வீடு, எதிர் வீடு, என்னோடு டிக்கெட் கொடுக்கிறவள் எல்லோரிடமும் பெருமை அடித்துவிட்டேன், ஆளாளுக்கு மோந்து பார்த்தார்கள், மிருக வாசனை வருகிறது என்றே இரண்டு பேர் சொன்னார்கள். அப்புறம் தங்கை அட்டையைப் படித்துவிட்டு, அம்மா அது நெறத்தோட பேரும்மா, இது சாதாரண கம்பளி என்றாள். மானம் கப்பலேறிவிட்டது. ஆனாலும் கழற்றவில்லை, இப்போதுகூட அதைப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ நிஜ ஒட்டகத்தோடு நிற்கிற போட்டோவையும் பார்த்தோம். தங்கை மகள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒட்டகச்சிவிங்கியில ஒட்டகம் இங்க இருக்கு, சிவிங்கி எங்க போச்சு என்று கேட்டாள். மாமா வந்தால் சொல்வார் என்று சிலேட்டில் எழுதினேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. நாலு வயதாகிறது, அவள் உன்னை இன்னும் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். மெலிந்துவிட்டாய் கண்ணு. கழுத்தெலும்பு தெரிகிறது. போட்டோவில் நீ சிரிப்பதைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது, ஏழு வருஷமாகிறது உன் தலையைத் தொட்டு.

அந்தப் போட்டோவின் கீழே, இது அப்பாவோடது இல்ல, நிஜ ஒட்டகம் என்று எழுதியிருந்தாயே, அதை நான் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். எத்தனாவது வகுப்புல எழுதினான் அந்தக் கட்டுரைய, மூணா நாலா என்றார். மூன்றாம் வகுப்பு. என் குடும்பம் என்று கட்டுரை எழுதச் சொன்னதற்கு, என் அப்பாவிடம் ஏழு ஒட்டகம் இருக்கிறது, அவை தண்ணீரில் மிதக்கும், அவற்றுக்குத் தீனி வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை தார் பூசினால் போதும் என்று எழுதினாய். வாத்தியார் சிவப்பு மையில் பொய் என்று எழுதி எங்களை வரச் சொல்லிவிட்டார். அப்பா வேலை உடுப்போடு, கையெல்லாம் கிரீஸோடு பள்ளிக்கூடத்துக்குப் போய், எம் புள்ள ஏன் சார் பொய் சொல்றான், வந்து பாருங்க என்று அந்த மனுஷனைக் கையோடு கூட்டிக்கொண்டு துறைக்கு வந்துவிட்டார். கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் நடுவே மிதக்கவிடுகிற அந்தப் பெரிய கட்டைகள், டயர் சுற்றி, மேலே இரண்டு திமில் மாதிரி எழும்பிக்கொண்டு, அதைத் துறையில் எல்லோரும் ஒட்டகம் என்றுதானே சொல்கிறார்கள். ஒவ்வொன்றாகக் காட்டி ஏழு வரைக்கும் எண்ணிக் காட்டினாராம். வாத்தியார் பொய் என்பதை அடித்துவிட்டுப் பத்துக்கு எட்டு போட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒட்டகம் என்றே பெயராகிவிட்டது, நீயும் பெயருக்கு ஏற்ற மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தாய். அப்பா அந்தக் கட்டுரையை இன்னும் அலமாரியில் தன் வேலை அடையாள அட்டைகளோடு வைத்திருக்கிறார். இதை நான் உனக்குச் சொன்னதில்லை.

சொல்லாதது இன்னும் இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். போனிலேயே எழுதலாமே என்பாய், அதில் எழுதி எழுதி அழித்துவிடுகிறேன், மூன்று நாளாக அதுதான் நடக்கிறது. காகிதத்தில் அடித்தாலும் அடித்தது தெரியுமே. நீ இதை உட்கார்ந்து படி. போன ஞாயிறு நீ இரண்டு தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை என்று தங்கையிடம் வருத்தப்பட்டாயாம். நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். அப்பாதான் அடிக்கிற போனைக் கையில் ஏந்திக்கொண்டு, சூடான பாத்திரத்தைத் தூக்கி வருகிற மாதிரி என்னிடம் ஓடி வந்தார். நான் ஈரக் கையைக் காட்டினேன், தொண்டையைக் காட்டினேன், நீங்களே பேசுங்கள் என்று அவரைக் காட்டினேன். அவர் திரையில் இருந்த உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் நின்றுவிட்டது. திரும்ப அடித்தபோது கட்டைவிரலைப் பக்கத்தில் கொண்டுபோனார், தொடவில்லை. அதுவும் நின்றது. அப்புறம் என்னைப் பார்த்து, எம் முட்டி வலியப் பத்தி அவன் வாராவாரம் கேக்கறான்னு சொல்லுவியே, நெஜமாவே கேக்கறானா என்றார்.

நீ கேட்டதில்லை ராசா. அவரும் உன்னைப் பற்றி ஒரு வாரம்கூடக் கேட்டதில்லை. அப்பா உன் வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டார், குளிருக்கு நல்ல ஷூ வாங்கிக்கச் சொன்னார் என்றெல்லாம் ஏழு வருஷமாக உன்னிடம் சொன்னேனே, அத்தனையும் நானாக உண்டாக்கினது. உன்னிடமிருந்து வந்ததாக அவரிடம் சொன்னதும் அப்படித்தான். கப்பலும் சுவரும் உரசிக்கொள்ளாமல் இருக்கத்தான் ஒட்டகம் என்று அப்பா சொல்வார், நானும் உங்களுக்கு நடுவில் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன் என்று மனசுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. பெயரில் ஒட்டு இருக்கிறதே தவிர அது பார்க்கிற வேலை ஒட்டவிடாமல் தள்ளி வைப்பதுதான் என்று இந்தப் பேச்சில்லாத நாட்களில்தான் எனக்கு உறைத்தது. வாய்க்குப் பொய் பழகியிருந்தது. சிலேட்டில் ஆமாம் என்று எழுதப் போனால் கை ஓடவில்லை. இல்லை என்று எழுதிக் காட்டினேன்.

அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. நீ ஏழு வருஷமாக மனசில் வைத்துக்கொண்டிருப்பதை நான் அறிவேன். அப்பாவுக்குத் தெரிந்துதான் போனேன், தெரிந்தும் என் கப்பலின் கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார், ஒரு தடவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று போன புதிதில் என்னிடம் சொல்லி அழுதாய். தங்கை கல்யாணத்துக்குக்கூட, அப்பா கூப்பிடட்டும் வரேன் என்று சொல்லி வராமலே இருந்துவிட்டாய். மகனே, அப்பாவுக்குத் தெரியாது. நீ அந்தக் கப்பலில் இருக்கிறாய் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. நான் சொல்லவில்லை.

அப்பா சரின்னு சொன்னாத்தான் ஏறுவேன் என்று நீ சொன்னாய் அல்லவா. உனக்காக அவரிடம் பேசுகிறேன் என்று நான் ஏற்றுக்கொண்டேன். முந்தின நாள் சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. துறை மேலாளர் உன் வேலையை நிரந்தரம் ஆக்கிவிட்டாராம், இனி அப்பனும் மகனும் ஒரே கயிறு, ஒரே ஒட்டகம் என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார், செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றார். மூன்று தடவை வாயைத் திறந்தேன். வரவில்லை. ஊருக்கெல்லாம் அறிவிக்கிற வாய், கட்டின புருஷனிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வரவில்லை. உன்னிடம் வந்து, சொல்லிட்டேன், சரின்னுட்டார், நேர்ல நின்னா தாங்க மாட்டார், நீ பேசாமப் போய் ஏறு என்றேன். மறுநாள் காலை அவரிடம், அவனுக்குக் காய்ச்சல், இன்னைக்கு வேலைக்கு வரலை என்றேன். கடைசி அழைப்பையும் நானே மைக்கில் அறிவித்தேன். அவர் வழக்கம் போலக் குனிந்து, வழக்கம் போலக் கயிற்றைத் துறை ஓரத்து இரும்புக் கட்டையிலிருந்து தூக்கிப் போட்டுவிட்டு, ஒட்டகத்தை இழுத்துக் கட்டப் போய்விட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது உனக்காகக் காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். அப்போதும் நான், என்கிட்டயும் சொல்லாமத்தான் போயிட்டான் என்றேன். அதிலிருந்துதான் அவர் உன் பெயரை எடுப்பதில்லை. என் கையாலயே அவுத்து விட வெச்சுட்டானே என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். பயம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

இதையெல்லாம் போன ஞாயிறு சிலேட்டில் எழுதிக் காட்டினேன். எழுதுவேன், அவர் படிப்பார், தலையை ஆட்டுவார், துடைத்துவிட்டு மறுபடி எழுதுவேன், பதினோரு தடவை. திட்டுவார் என்று நினைத்தேன், கத்துவார், சிலேட்டைப் போட்டு உடைப்பார் என்று நினைத்தேன். உனக்குத்தான் தெரியுமே, மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிறவர். அவரோ நான் பாதியில் விட்டிருந்த துணியை ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடியில் போட்டார். சட்டைக் கையைத் தலைகீழாகப் போட்டார், நானும் திருத்தவில்லை. நாலு நாள் என்னோடு பேசவில்லை, பேச முடியாதவளோடு பேசாமல் இருந்தால் அது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, ஆனால் தெரிந்தது. எனக்கு அது வேண்டியதுதான். நீயும் நாலு நாள் என்ன, நாலு மாசம் என்மேல் கோபமாக இரு. ஆனால் அவர்மேல் வைத்திருக்கிற கோபத்தை இன்றைக்கே இறக்கிவிடு, அது அவருடையது அல்ல.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு வாசலிலிருந்து திரும்பி வந்தார். அவனுக்கு எழுதறியா என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போ ஒண்ணு கேட்டு எழுது, அன்னைக்குக் கப்பல் மேல நின்னு அவன் என்னக் கூப்பிட்டானா, எஞ்சின் சத்தத்துல எனக்குத்தான் கேக்கலையா என்றார். தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டே கேட்டார். நான் சிலேட்டை எடுத்து, தெரியாது, நீங்களே அவனைக் கேளுங்கள் என்று எழுதினேன். படித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரியாதுதான் கண்ணு. இது ஒன்றை மட்டும் நானாக உண்டாக்கிச் சொல்ல மாட்டேன். கூப்பிட்டிருந்தாலும் அவரிடம் சொல், கூப்பிடவில்லை என்றாலும் அதையும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் பலவீனம். நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், என் ஆயுசில் கொஞ்சம் சேர்த்துக் கடவுள் உனக்குக் கொடுக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு, எப்போதும் போலக் காலை பத்து மணிக்குக் கூப்பிடு. அதற்குள் எனக்குப் பேச்சு வந்திருந்தாலும் நான் எடுக்க மாட்டேன். அப்பா எடுப்பார். எடுத்ததும் பேசிவிட மாட்டார், கொஞ்ச நேரம் மூச்சுதான் கேட்கும். வைத்துவிடாதே.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா