கீச்சானுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

அன்புள்ள அண்ணே,

இன்று காலை உங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். தவிட்டு மணமும் அதில் நெளியும் புழுக்களின் லேசான புளிப்பும் மூக்கில் ஏறியதும் உங்களுக்கு எழுதத் தோன்றியது. என் பழக்கம் தெரியுமே, முதலில் பட்டியல்.

1. உங்கள் பறவைத் தீனித்தட்டு இப்போது என் வேலியில் இருக்கிறது. அண்ணியின் சம்மதத்தோடுதான் மாற்றினேன்.
2. கீச்சான் குருவியின் நெற்றிச் சாம்பல் வயதால் வருவது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.
3. மருத்துவமனையில் நான் சொன்ன பதிலுக்கு மன்னிப்பு.

மலேசியாவின் கிள்ளானில் ஒரே சுவரைப் பகிரும் இரண்டு வீடுகள் நம்முடையவை. நீங்கள் லோரி ஓட்டி ஓய்ந்தவர். நான் நில அலுவலகத்தில் கோப்பு கட்டி ஓய்ந்த எழுத்தர், உங்கள் வாயில் 'கிராணி'. வடக்கே குளிர் தொடங்கியதும், ஒவ்வோர் அக்டோபரிலும், பழுப்புக் கீச்சான்கள் நம் பின்சந்துக்கு வந்துவிடும். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்ட சிறு பறவை. சிலவற்றுக்குத் தலை முழுக்கப் பழுப்பு. ஒன்றுக்கு மட்டும் நெற்றியிலிருந்து உச்சிவரை சாம்பல். அதற்குத் 'திருநீறு' என்று பெயர் வைத்தீர்கள்.

"இவன் வேற ஊர்க்காரன், கிராணி. நெத்தியப் பாத்தா தெரியலயா?"

"இரண்டு உள்ளினம் இருக்கெண்டு புத்தகத்தில போட்டிருக்குத்தான், அண்ணே. ஆனா வயசு போனாலும் தலை வெளிறலாம்தானே."

"வயசாகி வெளுத்தது உன் தலை. அதுக்கு அவன் என்னலா பண்ணுவான்?"

பிறகு நம்மையே உதாரணமாக்கினீர்கள். "நான் ரப்பர் தோட்டத்து ஆளு, நீ யாழ்ப்பாணத்து ஆளு. வாயத் தொறந்தா தெரிஞ்சிடும். ரெண்டும் தமிழந்தான், உள்ளினம் வேற."

சிரித்தேன். ஆனால் குறிப்பேட்டில் உள்ளினத்தின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். ஐந்து பருவம் அப்படியே போட்டேன்.

மருத்துவமனையில், ஆக்சிஜன் குழாயை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கேள்விக்குறிய எடுத்துடு கிராணி" என்றீர்கள்.

"இன்னும் ஒரு பருவம் பார்ப்பம், அண்ணே."

"எனக்கு ஏதுலா அடுத்த சீசன்?"

தவறான பதிவு எழுதிவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் பெரிது. உங்களை நம்பவில்லை என்றுதான் என் பதில் உங்களுக்குக் கேட்டிருக்கும் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. அடுத்த நாள் போவதற்குள் நீங்கள் இல்லை.

இதுவரை திங்கட்கிழமை எழுதினேன். இன்று வியாழன்.

காலையில் ஒரு கீச்சான் தட்டில் வந்து உட்கார்ந்தது. ஜன்னலிலிருந்து இரண்டு முழத் தூரம். விலாவில் செதில் செதிலாகக் கோடுகள், இறக்கைச் சிறகுகளில் வெளிறிய விளிம்பு. இந்த ஆண்டு பொரித்த குஞ்சு. நெற்றியோ சாம்பல். மூன்று முறை பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் முறையும் பார்த்தேன். பிறந்து ஆறு மாதம்கூட ஆகாததற்கு எந்த நரை?

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி கேட்டார். "வந்துட்டானா தம்பி, திருநீறு?"

"வந்திருக்கு அண்ணி. ஆனா இது சின்னப் பிள்ளை."

"அப்ப அவரு சொன்னது?"

"அவர் சொன்னதுதான் சரி."

துணி உதறும் சத்தம் நின்றது. "அத நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க தம்பி. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

சொல்கிறேன். கேள்விக்குறிகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். 'கண்டவர்' என்ற இடத்தில் ஐந்து பருவத்துக்கும் உங்கள் பெயர்தான். கண்ணால் பார்த்தவரை முதலில் நம்பிவிட்டு, பிறகு சரிபார்த்தாலும் பதிவேடு கெட்டுவிடாது என்பதை இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன். புழு டின்னை அண்ணியும் நானும் முறை வைத்து நிரப்புகிறோம். குஞ்சு மாலையிலும் வந்தது.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு, அண்ணே. அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்கள் படித்துச் சிரிப்பதற்காக.