பேசாமல் இருந்த முப்பத்து நாலு வருஷம்

நவம்பர் 4, செவ்வாய்

பிசியோ பெண் தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறாள். வலது கை விளங்காமல் போய் மூன்று மாதம் ஆகிறது. எழுதினால் விரல் திரும்பி வருமாம். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த வயதில் வீட்டுப்பாடம். என்ன எழுதுவது என்று கேட்டேன். "மனசுல இருக்கறதை எழுதுங்க பாட்டி" என்றாள். அவ்வளவு பெரிய நோட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது என்றேன்.

மருமகள்தான் பஸ்ஸில் கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரியில் மூன்றாவது படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நோயாளி நானா, அவளா? பின்னால் வந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

என் கட்டிலைக் குளியலறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டாள். என் வசதிக்காம். ஜன்னல் போயிற்று.

நவம்பர் 14, வெள்ளி

பாதி நறுக்கிய வெங்காயத்தைப் பலகையிலேயே விட்டுவிட்டு, பகல் பதினொரு மணிக்குப் படுத்துவிட்டாள் மருமகள். களைப்பாம். எழுந்ததும் போனில் யாரிடமோ சொல்கிறாள்: "அத்தைக்கு எதுவும் மறக்காது, அதான் பிரச்சனையே." எனக்குக் கைதான் போயிற்று. காது அப்படியேதான் இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

"எனக்கு முடியல அத்தை. இன்னிக்கு நீங்களே போயிட்டு வந்துடுங்க" என்றாள். போனேன். கைத்தடி இருக்கிறது, வாய் இருக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை பஸ் நோயாளிகள் பஸ். எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். யார் எந்த இருக்கை என்பதுகூட மாறாது. முன்னால், ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போகிற தையல்காரர். அவருக்குப் பின்னால், காலில் கட்டுப் போட்ட டீச்சர். கடைசிக்கு முன் வரிசையில் நான்.

மூன்றாவது நிறுத்தம், பெயின்ட் கடை வாசல். அங்கே அவள் ஏறினாள்.

என் நாத்தனார்க்காரி. என் வீட்டுக்காரரின் தங்கை. செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

பச்சை ஸ்வெட்டர். வலது முழங்கையில் வேறு பச்சையில் ஒட்டு. அந்த ஸ்வெட்டரைப் பின்னியது நான், ஒட்டுப் போட்டதும் நான். எனக்கா அடையாளம் தெரியாது? கண்டக்டர் அவளைத் தாண்டிப் போனார், டிக்கெட் கேட்கவில்லை. தையல்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜன்னலை மூடினார்.

நான் வெளியே பார்க்கத் தொடங்கினேன். அவளோடு பேச்சை நிறுத்தி முப்பத்து நாலு வருஷம் ஆகிறது. செத்தவள் என்பதற்காக இப்போது ஆரம்பிக்க முடியுமா?

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாலு நாள் நான் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. ஐந்தாம் நாள் இவள் வந்தாள். "வீட்டுக்குப் போய்க் குளிச்சு ஒரு வாய் சாப்பிட்டு வாங்க அண்ணி. நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். போனேன். ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் இவள் இருந்தாள், கட்டிலில் அவர் இல்லை. "இனிமே உன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா என்னை ஏன்னு கேளு" என்றேன். அவள் சாவுக்குக்கூட நான் போகவில்லை.

நவம்பர் 19, புதன்

மகனிடம் சொன்னேன். "இந்த வியாதிக்கு அப்புறம் இல்லாததெல்லாம் தெரியும்னு டாக்டர் அப்பவே சொன்னாரும்மா" என்றான். ராத்திரி மாத்திரை ஒன்று கூடியது.

நவம்பர் 25, செவ்வாய்

தையல்காரர் இருக்கை காலி. கண்டக்டரிடம் கேட்டேன். "போன புதன்கிழமையே போயிட்டாரும்மா. தூக்கத்துலயே."

பெயின்ட் கடையில் அவள் ஏறினாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்திவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டார்.

சொல்லியிருக்கலாமா? என்னவென்று சொல்வது?

டிசம்பர் 2, செவ்வாய்

டீச்சர் வரவில்லை. நான் யாரையும் கேட்கவில்லை. பின் இருக்கைக்காரர் தானாகவே சொன்னார்.

இன்றைக்கு அவள் எனக்கு முன் இருக்கையில், தனியாக. குளிருக்கு எல்லார் ஜன்னலிலும் மூச்சுப் பட்டுப் புகை படிந்திருந்தது. அவள் ஜன்னல் மட்டும் துடைத்து வைத்தது மாதிரி.

நான் இறங்கிய நிறுத்தத்தில் அவளும் எழுந்தாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

மருமகளுக்குப் பல்வலியாம். எந்தப் பல் என்றால் தெரியவில்லையாம், தாடை முழுக்கவாம். அதைச் சாக்கு வைத்து என் துணி துவைக்காமல் கிடக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

திரும்பி வரும்போதும் அதே பஸ்ஸில் இருந்தாள். எங்கள் நிறுத்தத்தில் இறங்கினாள். தெரு முழுக்கப் பத்தடி தள்ளி வந்தாள். மாடிப்படிக்குக் கீழே, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

எனக்காகத்தான் வருகிறாள். வரட்டும். பயம் இல்லை என்று எழுத நினைத்தேன், எழுத்து இப்படிக் கோணுகிறது. இருந்தாலும் முதல் வார்த்தை அவள்தான் பேச வேண்டும். நான் இறங்கிப் போக மாட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

பஸ்ஸில் அவள் இல்லை. நல்லதா, கெட்டதா?

டிசம்பர் 29, திங்கள்

நேற்று எழுதக் கை ஒழியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். வீட்டில் பதினொரு பேர். கூடத்தில் சீட்டாட்டமும் டீவியும் ஒரே இரைச்சல். மருமகள் விடிந்ததிலிருந்து உட்காரவில்லை. பன்னிரண்டு மணி இருக்கும், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அப்போதுதான் முக்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

அவளை ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பச்சை ஸ்வெட்டர்.

கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் காத்திருப்பவள் மாதிரி, மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

என்னைத் தேடி வரவில்லை அவள்.

ஒரு நொடி — இதை எழுதாமல் விடலாம், ஆனால் நினைத்தது நினைத்ததுதான் — போகட்டுமே என்று தோன்றியது. ஒரே ஒரு நொடி. அதற்குள் மருமகள் நிமிர்ந்து, "என்ன அத்தை, பசிச்சிடுச்சா? இதோ பத்தே நிமிஷம்" என்றாள். மேலுதட்டில் வேர்த்துக் கொட்டியிருந்தது. ஜன்னல் திறந்து குளிர் காற்று அடிக்கிற அறையில்.

மகனிடம் சொன்னால் இன்னொரு மாத்திரை. மருமகளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், பதினொரு பேருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்பாள். என்ன செய்ய?

தரையில் உட்கார்ந்துவிட்டேன். "டேய், கை இழுக்குதுடா. வாயும் இழுக்குது." வாயைக் கோணிக் காட்டினேன். ஐந்து மாதமாகப் பழகிய கோணல், அச்சு அசலாக வந்தது. வீடே ஓடி வந்தது. மகன் தூக்கினான். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"நீ வேணாம்" என்றேன்.

"ஏம்மா?"

"நீ வழியெல்லாம் அழுவே. அவ வரட்டும். அவ வந்தாத்தான் காருல ஏறுவேன்."

மகள் முகம் சுண்டிப் போயிற்று. அதை அவள் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவாள், என் வயிற்றில் பிறந்தவள்தானே. மருமகள் ஈரக் கையோடு அப்படியே வந்தாள்.

பின் இருக்கையில் நான், நடுவில் மருமகள், அந்தப் பக்கம் அவள். எப்போது ஏறினாள் என்று தெரியவில்லை. மருமகளின் கையைப் பிடித்தேன். அவ்வளவு குளிர்.

அப்போது பேசினேன். நான்தான் முதலில் பேசினேன்.

"எழுந்து வா. வந்து என் பக்கத்துல உக்காரு."

"பக்கத்துலதானே இருக்கேன் அத்தை" என்றாள் மருமகள்.

"அவளுக்கு நாப்பத்தாறு வயசுதான் ஆகுது. விடு அவளை. உனக்குத் துணைக்கு ஆள் வேணும்னா நான் இல்லையா?"

மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான். அந்தப் பக்க இருக்கையில் யாரும் இல்லை. என் இடது தோளில், கதவுக்கும் எனக்கும் நடுவில், ஓர் ஆள் உட்காரவே முடியாத இடத்தில், குளிர் வந்து உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். ஏற மறுத்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லை. இவளைப் பாருங்க." அந்தச் சின்ன டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மகனுக்கு வந்த கோபத்தில் காது சிவந்துவிட்டது. மருமகள், "வாயு டாக்டர், வேற ஒண்ணும் இல்லை" என்றாள்.

"எப்பலேருந்து?" என்று அவளிடம் கேட்டார். நான் சொன்னேன்.

"நவம்பர் நாலு, உங்க ஆஸ்பத்திரி மூணாவது படியில மூச்சு வாங்கி நின்னா. பதினாலு, பகல் பதினொரு மணிக்கு வெங்காயத்தை அப்படியே போட்டுட்டுப் படுத்தா. பதினெட்டு, என்னைத் தனியா அனுப்பினா, முடியலைன்னு. டிசம்பர் ஏழு, பல்வலின்னா, எந்தப் பல்லுன்னு தெரியல. இன்னிக்குக் குளிர்ல வேர்க்குது."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு மருமகளைப் படுக்க வைக்கச் சொன்னார். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் இரண்டில் அடைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்தபோது அந்தச் சின்ன டாக்டர் என்னிடம், "இவ்வளவு தெளிவா தேதியோட யாரும் சொன்னதில்லை பாட்டிம்மா. மருமக மேல ரொம்பப் பாசம்போல" என்றார்.

"நல்ல எண்ணத்துல ஞாபகம் வெச்சது இல்லை டாக்டர்" என்றேன்.

டிசம்பர் 31, புதன்

சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். முகத்தில் நிறம் வந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே கேட்கிறாள்:

"கார்ல யாரைப் பக்கத்துல வரச் சொன்னீங்க அத்தை?"

"உன்னைத்தான்."

"'அவளை விடு'ன்னீங்க. எனக்குத்தானே நாப்பத்தாறு."

"பேசாம தூங்கு."

தூங்கவில்லை. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். இதையும் மறக்க மாட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மருமகள் வீட்டுக்குள் மெல்ல நடக்கிறாள். சமையல் மகன். வாயில் வைக்க முடியவில்லை, யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

பஸ்ஸில் தனியாகத்தான் அனுப்புகிறார்கள். தனியாக என்று அவர்கள் நினைக்கிறார்கள். பெயின்ட் கடை வரைக்கும்கூட இப்போது இல்லை, எங்கள் வீட்டு வாசலிலிருந்தே வருகிறாள் நாத்தனார். இடது பக்கம் உட்கார்கிறாள். "இந்தத் தோள் மட்டும் ஏன் பாட்டி இவ்ளோ சில்லுனு இருக்கு?" என்று பிசியோ பெண் கேட்டாள். வயசு என்றேன்.

நான்தான் பேசுகிறேன், அவள் கேட்கிறாள். ஒரு பயணத்துக்கு ஒரு குறை, அதற்கு மேல் கிடையாது. இன்றைக்கு, என் மகள் பிறந்த அன்று "மூக்கு சப்பையா இருக்கே" என்றாளே, அது. வழி முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அடுத்த வாரத்துக்கு வேறு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கடுத்த வாரத்துக்கும் இருக்கிறது. ஒருத்தர் பேசி முடிக்குமுன் எழுந்து போகிற பழக்கம் அவளுக்கு உயிரோடு இருந்தபோதும் கிடையாது. அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

கடைசியாக என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும். அதற்கு அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். திறந்துவிட்டால், பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் உட்கார்ந்திருக்கக் காரணம் இருக்காது. அதனால் அது இப்போது இல்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது கூட்டம் ஏறியது. ஒரு பெண், தோளில் பை, வாயில் ஏதோ பாட்டு. என் பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இருபது வயதுகூட இருக்காது.

"ஆள் இருக்கு" என்றேன்.