ரேடியோவுக்குப் போன குரல்

எழுந்ததும் இதைப் படி. ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கிளம்பிவிடாதே. ஆபீஸ் ஸ்டோர் ரூம் சாவி என்னிடம் இருக்கிறது; அதைக் கொடுத்து, லீவு சொல்லிவிட்டு ஒன்பதரைக்குள் வந்துவிடுவேன். உன் டெஸ்ட் ரிசல்ட்டைச் சேர்ந்தே போய் வாங்கலாம்.

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான் கண்டுகொள்ளவில்லை என்றுதானே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்? கம்ப்யூட்டரில் மூன்று தடவை போட்டேன். சத்தமே வரவில்லை. என்னவென்று உன்னிடமே கேட்டிருக்கலாம். வீம்பு, கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் சத்தத்தை, நான் மற்றவர்களோடு பேசும் ஹாம் ரேடியோவுக்குக் கொண்டுபோகும் அந்தச் சின்னப் பெட்டியை நேற்றுதான் மாட்டினேன். ஸ்பீக்கரில் வர வேண்டிய உன் குரல் ஒயர் வழியாக ரேடியோவுக்குப் போய், அங்கிருந்து ஊருக்கெல்லாம் போயிருக்கிறது. இன்று காலையில் ரேடியோவைப் போட்டால், தினமும் அதில் என்னோடு பேசும் லாரி மெக்கானிக் காத்திருக்கிறார்.

"சார், தனியா போக பயமா இருக்குன்னு உங்க வீட்டம்மா மூணு தடவ சொல்லிட்டாங்க. நீங்க என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

என்னத்தைச் சொல்ல? பெட்டி மாட்டிக்கொண்டிருந்தேன் என்றேன்.

ஊர் கேட்டுவிட்டதே என்று நீ கோபப்பட்டால் நியாயம்தான். வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். டிபனை மேஜையில் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிடு.

பி.கு: ஒயரைப் பிடுங்கிவிட்டு நாலாவது தடவை போட்டேன். நானும் கேட்டேன். உன் குரல் நடுங்கியதை மெக்கானிக் சொல்லவில்லை.