பெயர் சொல்லி அனுப்பிய பாவுகற்கள்

மழை மறவாத சிகரங்களும் உளியோசை ஓயாத சரிவுகளும் உடைய கருங்குன்ற நாட்டின் தலைவி, பாறையோடு பேசும் பெருமாட்டி கொற்றியார் திருமுன்பு, வெண்துறை வேந்தரின் கட்டட அமைச்சன் அத்திக்கோன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மலை நிலைக்க, சுனைகள் ஊற, தங்கள் மக்கள் கையில் உளி வழுக்காதிருக்க.

இவ்வோலைக்கு முன்னே வேந்தரின் முத்திரையோடு வேறோர் ஓலை தங்களை நோக்கிப் புறப்பட்டிருக்கிறது. தாங்கள் உடனே தலைநகர் வந்து, தரையில் பதித்த பாவுகற்களுக்குச் சொன்ன பெயர்களைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அதன் கட்டளை. அதை எழுதியவனும் யாமே. அதற்கு உடன்படாதீர் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

நடந்ததில் பாதியைத் தாங்கள் அறிவீர்கள். நகரத்துச் செல்வர் நாற்பது குடும்பத்தார் வாழ வேந்தர் எழுப்பிய ஏழடுக்கு மாளிகையின் கூடங்களுக்கு, கால் வைத்தால் குளிரும் கல் தேடி ஐந்து மலைகள் ஏறி இறங்கினோம். ஒரு மலையின் கல் தூள் உதிர்த்தது. இன்னொன்று எண்ணெய்க் கறையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. தங்கள் மலையின் கரும்பச்சைக் கல்லில் நீர் தெளித்துப் பார்த்தபோதே மனம் அதில் விழுந்துவிட்டது. அறுத்துத் தேய்த்து மெருகேற்றிய இருநூற்றுப் பன்னிரண்டு பலகைகள் வண்டியேறக் காத்திருந்தன. மேற்கே வானம் கறுத்தது. மழை இறங்கினால் மலைப்பாதை போய்விடும். அந்த நேரம் பார்த்துத் தாங்கள் வழிமறித்தீர்கள்.

ஒவ்வொரு கல்லுக்கும் அதன்மேல் கால் வைக்கப்போகும் ஒருவரின் பெயரைச் சொல்லி அனுப்புவது மலையின் வழக்கம் என்றும், பெயர் கேளாத கல் ஊர் போய்ச் சேராமல் வெடிக்கும் என்றும் உரைத்தீர்கள். யார் குடியேறுவார் என்பது அன்று எமக்கே தெரியாது. எம் எழுத்தரின் பையிலோ ஒரே ஒரு பெயர்ப்பட்டியல்தான் இருந்தது. சென்ற ஆண்டு தூவாற்றைக் கடக்கையில் வெள்ளத்தோடு போன நம் படைவீரர் முந்நூற்றுவரின் பட்டியல் அது. தங்கள் ஊரிலேயே அவர்களுக்கு நடுகல் வெட்டக் கொண்டுவந்திருந்தோம். “எந்தப் பெயரானால் என்ன, படி!” என்று எழுத்தருக்கு ஆணையிட்டோம். அந்த மடமைக்கு எம்மை எதால் அடித்தாலும் தகும்.

தாங்கள் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பெயர் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நடுவில் நிமிர்ந்து, “இவுகெல்லாம் வந்துருவாகல்ல, ஐயா? வரலேன்னா கல்லு ஏங்கிப்போகும்” என்று கேட்டீர்கள். “வருவார்கள், வருவார்கள், வேலையைப் பாரும்” என்று எரிந்து விழுந்தோம். அடுத்து எழுத்தர் படித்த பெயர் நன்னாகன். எம் ஒரே மகன். வண்டிக் கயிற்றைச் சரிபார்ப்பவன்போல் யாம் திரும்பி நின்றுகொண்டோம்.

இனி, தாங்கள் அறியாதது. தளம் பாவி முடிந்ததும் முதலில் பால் காய்ச்ச வந்தவர் உப்பு வணிகர் சேந்தனார் குடும்பத்தார். பட்டப்பகல். கதவைத் திறந்தால், உலர்ந்த கூடத்தில் ஒவ்வொரு கல்லிலும் ஓர் இணை ஈரக் காலடி. விரலிடுக்கு விழுந்த இடமெல்லாம் ஆற்று மணல். எல்லாம் வாசலைப் பார்த்து நின்றன. துடைத்தார்கள், பால் பொங்குமுன் ஈரம் மறுபடி ஊறிவிட்டது. ஒரு கல்லுக்கு ஓர் இணை, அவ்வளவே. நடந்த தடம் எங்கும் இல்லை. சேந்தனாரின் மருமகள் தெரியாமல் ஒரு கல்லில் காலை வைத்தவள், தோளில் எதுவோ இடித்து, “ஐயோ, ஆள் நிக்குது!” என்று அலறினாள். பால் பானையை விட்டுவிட்டே ஓடினார்கள். மாளிகை முழுதும் இதே கதை. கல்லைப் பெயர்க்க முயன்ற கல்தச்சர் நால்வர், மேலே ஆள் நிற்கையில் பாயை உருவுவதுபோல் இருக்கிறது என்று கடப்பாரையைப் போட்டுவிட்டார்கள்.

என் மனைவி பூதியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் சொல்லிவிட்டது. அவள் தானே போய், ஒவ்வொரு கூடமாகக் குனிந்து குனிந்து பார்த்து, ஐந்தாம் அடுக்கில் இடக்காலில் சுண்டுவிரல் இல்லாத தடத்தைக் கண்டுபிடித்தாள். ஏழு வயதில் வண்டிச் சக்கரம் தின்ற விரல் அது. அதன் எதிரே நாள் முழுதும் உட்கார்ந்திருந்தாள். மாலை நான் போய்ப் பார்க்கையில், வாசலைப் பார்த்திருந்த அந்தக் காலடிகள் மட்டும் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

“வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கானே, புள்ளைக்குக் கால் வலிக்காதா?” என்று என்னைக் கேட்டாள். அவனுக்கென்று சொல்லப்பட்டது ஒரே கல். அடுத்த கல் வேறொருவனுடையது. அவனால் ஓரடி எடுத்துவைக்க முடியாது.

ஆகவே, வராதீர்கள். பெயரைத் திரும்ப எடுப்பது அவனை இரண்டாம் முறை ஆற்றில் தள்ளுவதாகும். முதல் முறை அவனைப் படைக்கு அனுப்பியதே போதும். வேந்தரின் தூதுவனுக்கு விருந்திட்டு, மலைப்பாதை சரிந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அதற்குரிய தண்டனை என் தலைமேல் விழட்டும்.

இவ்வோலையில் அரச முத்திரை இல்லை. அத்திக்கோன் தன் கட்டைவிரலை அரக்கில் அழுத்தி, அமைச்சனாக இடும் கடைசிக் கட்டளை இது. அந்த ஐந்தாம் அடுக்கிலிருந்து என் வீடு வரை நானே அடியளந்து வந்தேன். படிகளோடு சேர்த்து அறுநூற்று நாற்பது பலகைகள் வெட்டுக. அத்தனைக்கும் நன்னாகன் என்ற ஒரே பெயரைச் சொல்லுக. மற்றத் தாய்மார் கேட்டு வந்தால் அவர்களுக்கும் வெட்டுக. மலை தீர்ந்தால் தீரட்டும். என் வீட்டுக்குள் இடும் கடைசிப் பலகை மட்டும் ஆள் நீளத்துக்கு இருக்கட்டும். அவன் படுக்க வேண்டும்.