மருந்து வாங்கப் போன நேரம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை வைத்து அழகு பார்க்கிறாயா? ஒரு செய்தி, சிரிக்காதே. என்னைப் போன்ற கால்நடை மருத்துவர்களுக்கு நான் இப்போது பேசக் கற்றுக்கொடுக்கிறேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று நீ திட்டிய அதே தம்பிதான். வகுப்பில் ஒருவர் டாக்டராக உட்காருவார், இன்னொருவர் நாயை வளர்ப்பவராக. "பிழைக்காது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழக வேண்டும். பாதிப் பேர் ஸ்கேன் படத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

உன் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

பக்கத்து வீட்டுக்காரியோடு அவள் பூனையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கிருந்த டாக்டரம்மா உன் வகுப்புக்கு வந்தவராம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூனை பிழைக்காது என்று பதமாகச் சொன்னார். இப்படிப் பேச எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

"எங்க சார்கிட்டதான். அவரே தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டாராம். வளர்த்தவங்க அழுவாங்கன்னு பயந்து, மருந்து வாங்கிட்டு வாங்கன்னு கடைக்கு அனுப்பிட்டு, நாய்க்கு ஊசி போட்டு முடிச்சிட்டாராம். தானா நெஞ்சு நின்னுபோச்சுன்னு பொய் சொன்னாராம்" என்றார்.

நான் வளர்த்த நம் நாய் தடியனுக்கும் தானாக நெஞ்சு நின்றது என்றுதானே சொன்னாய்? நான்கு வருடமாக நானும் நம்பினேன். ஊருக்கெல்லாம் சொன்னதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா?

அக்கா

மார்ச் 23

அக்கா,

ஆமாம், அது தடியன்தான். ஈரலில் கட்டி. காலையிலேயே பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. வலியில் துடித்தான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன்னைக் கடைக்கு அனுப்பிய மருந்துச் சீட்டில் எழுதியது வெறும் சத்து மாத்திரை. நீ படியிறங்கியதும் ஊசி போட்டேன். அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒன்றை மட்டும் வகுப்பில் நான் சொன்னதில்லை. உன்னிடம் இனி மறைக்கக் கூடாது.

தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

மூன்று முறை படித்தேன். ஊசி போட்டதற்குக் கோபமில்லை. கேட்டிருந்தால் நானே போடச் சொல்லியிருப்பேன். தலையை மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். அழுதிருப்பேன்தான், அழுதால் செத்தா போய்விடுவேன்? அவன் என்னைத் தேடியிருக்கிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த டாக்டரம்மா பூனையைக் கடைசிவரை பக்கத்து வீட்டுக்காரி கையிலேயே விட்டுவைத்தார். அதனால் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டே இரு. ஆனால் அந்த நாயை வளர்த்தது உன் அக்கா, அவள் இன்னும் மன்னிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்.

கடிதம் போடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

அக்கா