நாலடி உள்ளே

பாவா, இன்று காலை என் பாத்திரக் கடையில் ரோட்டுப் பக்கம் நீட்டியிருந்த முன்தகரத்தை நாலடி வெட்டி எடுத்துவிட்டேன். பதினோரு வருடமாக இருட்டில் கிடந்த கல்லாவில் வெயில் விழுகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மலைக்குத் திரும்பும் வளைவு தெரிகிறது. நீங்கள் விழுந்த இடமும் தெரிகிறது.

நீங்கள் பொதட்டூர்பேட்டை பஸ் ஓட்டிய காலத்தில் ஒருநாள் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, என்னை உங்கள் சீட்டில் உட்காரவைத்தீர்கள். கண்ணாடிக்கு முன்னால் என் தகரமும் அதில் தொங்கிய பிளாஸ்டிக் குடங்களும்தான். “குடத்தையெல்லாம் பாத்துகினே ஓட்டறேன் மச்சான். அதுக்குப் பின்னால வர்ற ஆளுதான் தெரிய மாட்டேங்குது” என்றீர்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

“எல்லாரும் உள்ள போட்டா நானும் போடறேன் பாவா.”

நான் மட்டும் உள்ளே போனால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். அந்தக் கணக்குதான். ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் விடவில்லை, கடை கடையாக ஏறினீர்கள். எல்லோரும் என் பேச்சையே உங்களிடம் சொன்னார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும்போது நீங்களே விசிலோடு வளைவில் நின்றீர்கள்.

கூட்டமே இல்லாத ஒரு புதன்கிழமை, என்னை டீக்குக் கூப்பிட ரோட்டைக் கடந்தீர்கள். லாரிக்காரர் உங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க முடியாது. அந்த உயரத்தில், உங்கள் பஸ் சீட்டில், நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அக்கா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு மணி டீயைக் கடைக்கே வரவழைத்துத் தனியாகக் குடிக்கிறேன். பாதி ஆறிப்போகிறது.

தகரம் இறங்கியதைப் பார்த்து, யார் கேஸ் போட்டது என்று பூக்கடை அம்மா கேட்டார். யாருமில்லை என்றேன். மத்தியானம் எட்டுக் கடைக்காரர்களும் வந்து, வெட்டிய அந்த நாலடியில்தான் நின்று பேசினோம். கிருத்திகை மூன்று நாளுக்கு மட்டும் விடச் சொன்னார் பழக்கடைக்காரர். அவருக்கு அதுதான் வருடத்துக்கே வியாபாரம்.

“அன்னைக்குத்தானே ஜனம் ரோட்டுல நடக்குது” என்று சொல்லி, கல்லாவில் வைத்திருந்த உங்கள் விசிலை எடுத்து வெளியே வைத்தேன்.

முடிவானது இது, பாவா. எட்டுக் கடையும் நாலடி உள்ளே. தாண்டித் தொங்குவதைப் பக்கத்துக் கடைக்காரர் எடுத்து உள்ளே வைக்கலாம், சண்டைக்குப் போகக்கூடாது. கிருத்திகைக்கும் விலக்கு இல்லை. அந்த மூன்று நாளும் கடைக்கு ஒருவர் முறை வைத்து, விசிலோடு வளைவில் நிற்க வேண்டும். முதல் முறை என்னுடையது.