மருந்து தரும் வேலை

ஜூன் 4

அன்புள்ள டீச்சருக்கு,

உன் நலமறிய மட்டும் ஆவல். என் நலம் உனக்குத் தெரிந்ததுதான். அடிக்கடி சீழ் பிடித்துக் காது போனதால் போனில் நீ பேசுவது கேட்கவில்லை. உன் கடிதத்தைத்தான், கிருமி சாக இரண்டு நாள் வெயிலில் போட்டுப் பிரிக்கிறேன்.

நேற்று இந்த மாத மருந்து ஏறியது. என் ரத்தத்தில் ஊறாத எதிர்ப்புச் சக்தியை ஊரார் ரத்தத்திலிருந்து பிரித்து ஏற்றுகிறார்கள். "வீட்டுக்காரம்மா வரலியா?" என்றாள் நர்ஸ். "எல்.கே.ஜி. டீச்சர். அங்க முப்பது மூக்கு ஒழுகுது" என்றேன். சிரித்தாள்.

அந்தச் சளி எனக்கு ஒட்டக்கூடாதென்று நீ தனி அறை பார்த்துப் போய் எட்டு மாதம். வேலையை விட்டுவிட்டு வா.

உன் சோம்பேறி

ஜூன் 9

அன்புள்ள சோம்பேறிக்கு,

இது, என்ன நோய் என்று தெரியாத டாக்டர்கள் உன் அசதியைப் பார்த்து வைத்த பெயர். நாமும் அதையே கொஞ்சிக்கொண்டிருக்கிறோம்!

வேலையை விட்டால் பள்ளிக்கூடத்து இன்ஷூரன்ஸ் போகும். அது போனால் உன் மருந்து போகும். தாளாளரிடம் ஆபீஸ் வேலை கேட்டேன். "உங்க வீட்டுக்காரருக்குச் சளி பிடிக்கும்னா நான் ஸ்கூலையே மாத்தணுமாம்மா?" என்றார். போன வருடம் அந்தச் சளிதான் உன்னை வென்டிலேட்டரில் போட்டது என்றேன். "ஐயோ பாவம்" என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார்.

இன்று ஒரு வாண்டு மடியில் ஏறி என் முகத்திலேயே தும்மியது. துடைக்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டேன். யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உன் டீச்சர்

ஜூலை 3

டீச்சர்,

நேற்று மருந்துக்குப் போகவில்லை. இனிப் போவதாகவும் இல்லை. மருந்தே வேண்டாம் என்றால் இன்ஷூரன்ஸ் எதற்கு, அந்த வேலை எதற்கு? இருக்கிற நாளை ஒரே வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம். சளியோடு வந்தாலும் சரி, வா.

சோம்பேறி

ஜூலை 6

சோம்பேறிக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஏறியும் உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர் இருமினார். இறங்கிவிட்டேன்.

நான் வருவேன் என்றுதான் நீ சாகத் துணிகிறாய். அதனால் வரமாட்டேன். என்றைக்கும். இனி எழுதாதே, பிரிக்கமாட்டேன். விவாகரத்து கேட்கமாட்டேன், கேட்டால் இன்ஷூரன்ஸில் உன் பெயரை அடித்துவிடுவார்கள். புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து வைத்துத்தான் மருந்து கொடுப்பார்கள் என்றால் இந்த ஊர் நாசமாய்ப் போகட்டும்.

இதைப் படித்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்ஷூரன்ஸ் தாளில் மட்டும்
உன் மனைவி